மீட்டர் கண்ணாடியில கீறல், கையாலயே பாலிஷ் பண்ணி எடுக்க முடியுமா?

திருச்சி_தேவி

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல ஒரு 2010 ஐ10 இருக்கு, அப்பா ஓட்டிட்டு இருந்தது, இப்ப நான்தான் ஓட்டறேன். இஞ்சின், ஏசி எல்லாம் குறையே சொல்ல முடியாது. ஆனா ஸ்டீயரிங்குக்குப் பின்னாடி இருக்கிற மீட்டர் கண்ணாடி முழுக்க கீறல். வாட்டர் வாஷ் விடற இடத்துல வீல், பம்பர் தொடைச்ச அதே துணியாலயே உள்ள டேஷ்போர்டையும் தொடைச்சு விட்டுடறாங்க, மண்ணு ஒட்டின துணியில வருஷக்கணக்கா இழுத்ததுல வட்ட வட்டமா கோடு விழுந்திருக்கு, நடுவுல ரெண்டு மூணு கோடு நல்லா ஆழமாவே இருக்கு. நிழல்ல நின்னா தெரியாது. சாயங்காலம் கிழக்கு பாத்து வரும்போது பின்பக்க கண்ணாடி வழியா வெயில் மீட்டர் மேல விழுந்துச்சுன்னா கண்ணாடி மொத்தமும் வெள்ளையா பூத்துக்கிட்டு ஸ்பீடு முள்ளு எங்க நிக்குதுன்னே தெரியல.

கடையில கேட்டா மீட்டரையே மாத்திடலாம்னு சொல்றாங்க. எனக்கு அதுல இஷ்டம் இல்ல, அப்பா ஓட்டின கிலோமீட்டர் எல்லாம் அதுலதான் இருக்கு, மாத்தினா ரீடிங்கும் மாறிடும். என்கிட்ட பாலிஷ் மெஷின் கிடையாது, கையால தேய்க்கற பொறுமை இருக்கு. டூத்பேஸ்ட் போட்டா போயிடும்னு ஒருத்தர், பிராஸோ போடுன்னு இன்னொருத்தர், உப்புத்தாள் போட்டுத்தான் ஆகணும்னு மெக்கானிக் சொல்றார். எது சரி? ஹெட்லைட்டும் மஞ்சளாயிடுச்சு, அதையும் இதே மாதிரி பண்ணலாமா?

வேலூர்_ரைடர்

டூத்பேஸ்ட் ஓரளவுக்கு வேலை செய்யும் அக்கா, வெள்ளை பேஸ்ட்டா இருக்கணும், ஜெல் வேண்டாம். என் பைக் மீட்டர்ல போட்டேன், மேலோட்டமான கோடு போயிடுச்சு. ஆழமான கோட்டுக்கு ஒண்ணும் ஆகாது.

மோல்டிங்_ஆளு

சகோதரி, நான் பிளாஸ்டிக் இஞ்செக்‌ஷன் மோல்டிங் லைன்ல வேலை பாக்கறேன், வண்டிக்குப் போற பார்ட்ஸ்தான். பேஸ்ட்டா உப்புத்தாளான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்தக் கண்ணாடி என்ன பிளாஸ்டிக், அது மேல ஏதாவது கோட்டிங் இருக்கான்னு பாத்துடுங்க, ஏன்னா எல்லா தப்பும் இதைப் பாக்காம தேய்க்க ஆரம்பிக்கறதுலதான் வருது.

மீட்டர் கண்ணாடி அக்ரிலிக்காவும் இருக்கும், பாலிகார்பனேட்டாவும் இருக்கும். கழட்டினா ஓரத்துலயோ பின்பக்கமோ ரெண்டு அம்புக்குறிக்கு நடுவுல சின்னதா இங்கிலீஷ்ல எழுதியிருக்கும், பி.எம்.எம்.ஏ.ன்னா அக்ரிலிக், பி.சி.ன்னா பாலிகார்பனேட். ஏ.பி.எஸ்., பி.பி.ன்னு மத்த பார்ட்லயும் இதே மாதிரி இருக்கும், ரீசைக்கிள் பண்றப்போ பிரிக்கறதுக்காக ஐஎஸ்ஓ 11469ன்னு ஒரு ஸ்டாண்டர்டே இருக்கு. ஹெட்லைட் கண்ணாடியில ஈ மார்க் (வட்டத்துக்குள்ள ஈ எழுத்து இருக்கற அங்கீகார முத்திரை) பக்கத்துல பி.எல்.னு இருந்தா அது பிளாஸ்டிக் லென்ஸ்னு அர்த்தம். அம்பாசடர், பத்மினி காலத்துல ஹெட்லைட் நிஜக் கண்ணாடி, இந்த மஞ்சள் பிரச்சனையே அப்ப கிடையாது.

அக்ரிலிக் கொஞ்சம் கடினம், லேசுல கீறல் விழாது, கையால தேய்ச்சா பளபளப்பும் சீக்கிரம் வரும், ஆனா அடிபட்டா உடையும். பாலிகார்பனேட் அடி தாங்கும், ஆனா மிருதுவா இருக்கறதால சீக்கிரம் கீறல் விழும், பாலிஷும் மெதுவாத்தான் ஏறும். ரெண்டுக்குமே பெரிய எதிரி கெமிக்கல். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் கிட்டயே போகக்கூடாது. மோல்டுல வார்க்கும்போதே பிளாஸ்டிக்குக்குள்ள ஒரு இழுவிசை தங்கியிருக்கும், கரைப்பான் பட்டதும் அந்த இழுவிசை வெளிய வந்து உள்ளுக்குள்ள நூல் நூலா வெடிப்பு ஓடிடும். கீறலாவது மேல்தோல்ல இருக்கறது, இந்த வெடிப்பு உள்ள போறது, எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. பிராஸோ பித்தளைக்குன்னு செஞ்சது, மூடியைத் திறந்தாலே அமோனியா வாசனை அடிக்கும். பாலிகார்பனேட்டுக்கு அமோனியா ஆகவே ஆகாது, அதனால அது வேண்டாம். ஜன்னல் கண்ணாடி துடைக்கற நீல கலர் ஸ்ப்ரேவுலயும் சிலதுல அமோனியா இருக்கு, அதையும் மீட்டர் மேல அடிக்காதீங்க.

இன்னொண்ணு. சில வண்டியில மீட்டர் கண்ணாடி எதிரொளிக்காம இருக்க மேல மேட் ஃபினிஷோ கோட்டிங்கோ கொடுத்திருப்பாங்க. கண்டுபிடிக்கறது சுலபம், ட்யூப்லைட்டுக்குக் கீழ வச்சு கீறல் இல்லாத ஓரத்துல பாருங்க. லைட்டோட பிம்பம் விளிம்பு கூர்மையா தெரிஞ்சா சாதா பளபளப்பு, தாராளமா பாலிஷ் பண்ணலாம். பிம்பம் கலங்கலா பரவித் தெரிஞ்சா மேட், அதைத் தேய்ச்சா தேய்ச்ச இடம் மட்டும் தனியா பளபளன்னு திட்டாயிடும், அந்த மாதிரி இருந்தா கண்ணாடியை மட்டும் தனியா மாத்தறதுதான் வழி.

கையால பண்றேன்னு சொன்னது நல்ல முடிவு. அக்ரிலிக் சுமார் 105 டிகிரியில இளக ஆரம்பிக்கும், பாலிகார்பனேட் 147 டிகிரி பக்கம். பஃபிங் மெஷின் ஒரே இடத்துல கொஞ்ச நேரம் நின்னாலும் மேல்தோல் இளகி இழுபட்டுடும். கைத்தேய்ப்புல அந்த சூடு வர வழியே இல்ல.

கோவை_டீட்டெய்லிங்

அண்ணா சொன்னது எல்லாம் சரிதானுங்க. நான் வேலை செய்யற முறையைச் சொல்றேனுங்க அக்கா, கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

மொதல்ல நகத்தை வச்சு கீறலுக்குக் குறுக்கால மெதுவா இழுத்துப் பாருங்க. நகம் தடுக்காம போச்சுன்னா உப்புத்தாளே வேண்டாமுங்க, பிளாஸ்டிக்குக்குன்னு விக்கற பாலிஷ் மட்டும் போதும், மெகயர்ஸ் பிளாஸ்ட்எக்ஸ், நோவஸ் மாதிரி கிடைக்குது. நகம் தடுக்குதுன்னா மட்டும் வாட்டர் பேப்பர், அதாவது தண்ணியில நனைச்சுத் தேய்க்கற உப்புத்தாள். ஏன்னா பாலிஷ் கீறலை ரொப்பறது இல்லீங்க, கீறலைச் சுத்தி இருக்கற மேட்டை கீறலோட அடிமட்டம் வரைக்கும் இறக்கறதுதான் பாலிஷ். மெழுகு போட்டா ரொப்பின மாதிரி தெரியும், கொஞ்ச நாள்ல வேக்ஸ் போனதும் கோடு திரும்ப வந்துரும். அதனால எவ்வளவு கம்மியா தேய்ச்சு வேலை முடியுதோ அவ்வளவு நல்லதுங்க. ரொம்ப ஆழமான ஒரே ஒரு கோட்டுக்காக அந்த இடத்தை மட்டும் குழியா தேய்ச்சுடாதீங்க, அப்புறம் அது வழியா பாத்தா நம்பர் எல்லாம் வளைஞ்சு தெரியும். அந்தக் கோடு பாதி மங்கினாலே போதும், ஓட்டறப்போ கண்ணுக்கு உறுத்தாது.

வெறும் பாலிஷ்னா மீட்டரைக் கழட்டவே வேண்டாமுங்க, சுத்தி மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு அப்படியே பண்ணலாம். வாட்டர் பேப்பர் போடணும்னா கண்டிப்பா கழட்டணும், தண்ணி உள்ள போனா போர்டு போயிடும். பேட்டரி நெகட்டிவ் கழட்டி கொஞ்ச நேரம் விடுங்க, அப்புறம் மீட்டருக்கு மேல இருக்கற மூடி, ஸ்க்ரூ, பின்னாடி கனெக்டர். கனெக்டர் கழட்டியிருக்கும்போது சாவியை ஆன் பண்ணிடாதீங்க, ஏர்பேக் இருக்கற வண்டியா இருந்தா வார்னிங் லைட் வந்து நிக்கும். டிஜிட்டல் ஓடோமீட்டர்னா கிலோமீட்டர் மீட்டரோட மெமரியிலயே இருக்கும், கரண்ட் எடுத்தாலும் அழியாதுங்க, ட்ரிப் மீட்டர் வேணா பூஜ்யம் ஆகலாம். முன்னாடி கண்ணாடி கிளிப்லதான் நிக்கும், ஒவ்வொண்ணா மெதுவா நெம்பணும். கண்ணாடி வந்ததும் முள்ளைத் தொடாதீங்க, டயல் மேல விரல் படவே கூடாது, கறை ஒட்டினா எடுக்கறது கஷ்டம். மீட்டரை சுத்தமான பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஓரமா வச்சுருங்க.

இப்ப கண்ணாடியை பக்கெட் தண்ணியில ஷாம்பு கலந்து கழுவுங்க, அழுத்தாம. போர் தண்ணின்னா வடிகட்டிக்கோங்க, ஒரே ஒரு மணல் துகள் இருந்தாலும் புதுசா ஒரு கோடு இழுத்துரும். 2000 நம்பர் வாட்டர் பேப்பரை கால் மணி நேரம் தண்ணியில ஊற விடுங்க, ஒரு சொட்டு ஷாம்பு விட்டுக்கலாம். விரலால நேரா அழுத்தித் தேய்க்கக் கூடாதுங்க, விரல் படற இடம் பள்ளமாகி வரி வரியா வரும். சின்ன ஸ்பாஞ்ச் துண்டு மேல பேப்பரைச் சுத்திக்கோங்க. வட்டமா வேண்டாம், இடமும் வலமுமா நேர் கோட்டுல தேய்ங்க. அடுத்து 3000 எடுக்கும்போது மேலயும் கீழயுமா, குறுக்கால. இதுல ஒரு கணக்கு இருக்குங்க: 2000 போட்ட கோடு எல்லாம் ஒரே பக்கமா இருக்கும், 3000 குறுக்கால போகும்போது பழைய திசையில ஒரு கோடு மிச்சம் இருந்தாலும் தனியா தெரிஞ்சுரும், அது போற வரைக்கும் அடுத்ததுக்குப் போகாதீங்க. 1000 நம்பர் பேப்பரோட துகள் சுமார் 18 மைக்ரான், 2000ல 10 மைக்ரான். முன்னாடி போட்ட பெரிய துகள் இழுத்த கோட்டை விட்டுட்டு நைஸ் பேப்பருக்குத் தாவினா, அதுலயே நாள் பூரா தேய்ச்சாலும் அந்தக் கோடு போகாது. ஒவ்வொரு நம்பர் மாத்தும்போதும் கண்ணாடியையும் கையையும் கழுவி, தண்ணியையும் மாத்துங்க.

3000 முடிஞ்சதும் கண்ணாடி ஒரே சீரா புகை படிஞ்ச மாதிரி மங்கலா இருக்கும். இங்கதான் நிறைய பேரு பயந்துக்கறாங்க, பயப்பட வேண்டாமுங்க, திட்டு திட்டா இல்லாம சீரா மங்கலா இருந்தா வேலை சரியா போகுதுன்னு அர்த்தம்.

அப்புறம் பாலிஷ். பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பகுதியா பிரிச்சு, மொதல்ல கொஞ்சம் அழுத்தி, போகப் போக அழுத்தத்தைக் குறைச்சுக்கிட்டே வாங்க. பாலிஷ் காய்ஞ்சு பொடியா உதிர விடாதீங்க, காய்ஞ்ச பொடியே கீறும். பாதி வேலையைத் துணிதான் முடிவு பண்ணும். ஒர்க்‌ஷாப்ல எல்லாம் திருப்பூர் பனியன் வேஸ்ட்தான் வச்சிருப்போம், எண்ணெய் துடைக்க அது நல்லது, ஆனா தையல் ஓரம், பிரிண்ட் போட்ட துண்டு எல்லாம் கலந்து வரும், தையல் நூல் ஒண்ணு பட்டாலே இந்த மாதிரி பிளாஸ்டிக்ல கோடு விழுந்துரும். அதனால மைக்ரோஃபைபர்தான், அதுலயும் ஓரத்துல தையல் இல்லாததா பாருங்க. பாலிஷ் போட ஒண்ணு, துடைக்க ஒண்ணு, மாத்தக் கூடாது.

கடைசியா வெயில்ல பிடிச்சுப் பாருங்க, ட்யூப்லைட்ல பாத்தா எல்லாமே அழகாத்தான் தெரியும். திருப்தியா இருந்தா ஈரமான மைக்ரோஃபைபர்ல ஒரு தடவை லேசா ஒத்தி எடுத்துட்டு மாட்டிருங்க. காய்ஞ்ச துணியால தேய்ச்சா ஸ்டாட்டிக் ஏறி தூசியை எல்லாம் இழுத்துக்கும், மாட்டினதுக்கு அப்புறம் உள்பக்கம் தூசி தெரிஞ்சா மறுபடியும் கழட்டணும்.

திருச்சி_தேவி

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிண்ணா. ட்யூப்லைட்டுக்கு கீழ பாத்துட்டேன், பிம்பம் கூர்மையாத்தான் இருக்கு, மேட் இல்ல. பெரும்பாலான கோட்டுல நகம் தடுக்கல, நடுவுல இருக்கிறதுல மட்டும்தான் தடுக்குது. அப்ப மொதல்ல கழட்டாம வெறும் பாலிஷ் போட்டுப் பாத்துட்டு, அந்த ஆழமான கோடு மட்டும் மிச்சம் இருந்தா பொறுத்துக்கலாமா இல்ல கழட்டலாமான்னு அப்புறம் முடிவு பண்ணிக்கவா? ஹெட்லைட் பத்தி யாராவது சொல்லுங்களேன். கொசு விரட்டி ஸ்ப்ரே அடிச்சுத் துடைக்கற வீடியோ ஒண்ணு பாத்தேன், ஒரு நிமிஷத்துல பளிச்சுனு ஆகுது.

கோவை_டீட்டெய்லிங்

அதேதானுங்க அக்கா, அந்த வரிசையிலயே போங்க. வெயில் பூத்துக்கறது எல்லாம் அந்த சின்னச் சின்ன வட்டக் கோட்டாலதான், அது போயிட்டாலே முள்ளு நல்லா தெரியும். ஆழமான ஒண்ணு ரெண்டு கோடு வெயில்ல பாத்தா கோடா மட்டும்தான் தெரியும், மறைக்காது.

யாழ்_ரொயோட்டா

வணக்கம் தங்கச்சி. எங்கட பக்கம் ஜப்பான்ல இருந்து வந்த பழைய ரொயோட்டாக்கள் கனக்க ஓடுது, ஹெட்லைற் மஞ்சளாகாத வாகனம் காணுறதே அரிது. நான் கையால செய்து பழகினபடியால் சொல்லுறன்.

அந்த கொசு ஸ்பிரே வேலை செய்யவேண்டாம். அதில டீட் எண்ட ஒரு பொருள் இருக்கும், அது பிளாஸ்ரிக்கின்ர மேல்பக்கத்தைக் கரைக்கும். கரைஞ்சு சமனாகிறபடியால் உடன பளிச்செண்டு தெரியும், ஆனால் மேல்பக்கம் பழுதாகி கொஞ்ச நாளில முந்தியை விட மோசமா வரும், வழிஞ்சு பெயின்ற்ல பட்டா பெயின்றும் போகும். கப்பில திரவத்தை சூடாக்கி ஆவி அடிக்கிற முறையும் இப்ப எல்லா இடமும் செய்யினம். அந்தத் திரவம் பெரும்பாலும் டைகுளோரோமீதேன் மாதிரிக் கரைப்பான், சுவாசிக்கிற ஆளுக்குக் கூடாது, வீட்டில செய்யிற வேலையே இல்லை.

மீட்டருக்கும் ஹெட்லைற்றுக்கும் பெரிய வித்தியாசம் ஒண்டு இருக்கு. ஹெட்லைற் பாலிகார்பனேற், வெயிலின்ர புற ஊதாக் கதிர் அதுக்கு ஆகாது, அதாலதான் ஃபக்ரரியிலயே மேல ஒரு கடினமான கோற்றிங் போட்டு விடுறவை. மஞ்சளாகிறது எண்டா அந்தக் கோற்றிங் வெயிலுக்கு செத்து, கீழ உள்ள பிளாஸ்ரிக்கும் பழுதாகத் தொடங்கிட்டுது. நீங்கள் தேய்ச்சு மினுக்கினா மிச்சக் கோற்றிங்கையும் சேர்த்து எடுத்திடுவியள். பாக்க புதுசு மாதிரி இருக்கும், ஆனால் வெறும் பாலிகார்பனேற் வெயிலுக்கு நேர நிக்குது, கொஞ்ச மாதத்திலயே திரும்ப மஞ்சள். அதால தேய்க்கிறது பாதி வேலைதான், மேல திரும்ப யூவி பாதுகாப்புள்ள கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) போடுறதுதான் மற்றப் பாதி. அது செய்யாமல் விடுறதெண்டா தேய்க்காமலே விடுங்கோ.

செய்முறை: லைற் ஆறி இருக்கவேணும். சுத்திவர பெயின்ற்றுக்கு மாஸ்கிங் ரேப் ரெண்டு படை ஒட்டுங்கோ. 800 அல்லது 1000 தண்ணித் தாளில தொடங்குங்கோ. வாற தண்ணியைப் பாருங்கோ, முதல்ல மஞ்சளா வடியும், அது பழைய கோற்றிங். வெள்ளையா வடியத் தொடங்கினா கோற்றிங் போட்டுது எண்டு விளங்கும். ஓரங்களில பழைய கோற்றிங் திட்டுத் திட்டா மிஞ்சினா கடைசியில அந்த எல்லைக்கோடு வடிவா தெரியும், அதால மூலை முடுக்கு எல்லாம் விடாமல் எடுங்கோ. பிறகு 1500, 2000. கிளியர் அடிக்கப் போறியள் எண்டா 2000 உடன நிப்பாட்டலாம், பாலிஷ் தேவையில்லை, அந்த நைஸ் கோடுகளை கிளியரே மூடிப்போடும்.

ஸ்பிரே கானில வாற ரூ-கே (ரெண்டு பாகம் கலக்கிற) கிளியர், அடியில ஒரு முனையைக் குத்தினா அதை இறுக வைக்கிற ஹார்ட்னர் கலக்கும், அதுதான் கனகாலம் நிக்கும். ஆனால் அதில ஐசோசயனேற் எண்ட, சுவாசிக்கக் கூடாத பொருள் இருக்கு, லேஞ்சியை (கைக்குட்டையை) கட்டிக்கொண்டு அடிக்கிறது பாதுகாப்பில்லை, அதுக்குரிய ஃபில்ற்றர் உள்ள முகமூடி வேணும், வெளியில காத்தோட்டமான இடத்தில அடிக்கவேணும். அந்த வசதி இல்லாட்டி நீங்கள் தேய்ச்சு முடிச்சுக் கொண்டுபோய் பெயின்ற் பூத்தில கிளியர் மட்டும் அடிக்கச் சொல்லுங்கோ, பெரிய செலவு வராது. வேக்ஸ், சீலன்ற் எல்லாம் போட்டாலும் நிக்கும், ஆனால் மாதக்கணக்குத்தான், திரும்பத் திரும்பப் போடவேணும்.

தொடங்க முதல் ஒருக்கா விரலால தடவிப் பாருங்கோ. மங்கல் உள்பக்கம் எண்டா வெளியில என்ன தேய்ச்சும் பலன் இல்லை.

மோல்டிங்_ஆளு

யாழ் அண்ணன் சொன்ன உள்பக்கம் விஷயம் முக்கியம். இன்னும் ஒண்ணு சேத்துக்கறேன், மங்கின ஹெட்லைட் அழகுக்காக மட்டும் சரி பண்றது இல்ல. லோ பீம்ல மேல போகக்கூடாத வெளிச்சத்தை அந்த மங்கல் எல்லா பக்கமும் சிதறடிக்கும், நமக்கு ரோடு தெரியாது, எதிர்ல வர்றவங்களுக்கு கண் கூசும். அதனால ராத்திரி ஓட்டறவங்க மீட்டருக்கு முன்னாடி ஹெட்லைட்டைத்தான் பாக்கணும்னு நான் சொல்வேன்.

பின்னாடி டெயில் லேம்ப்புக்கு இந்த முறையை அப்படியே போடாதீங்க. அது பெரும்பாலும் அக்ரிலிக், மேல கோட்டிங் இருக்காது, மஞ்சளும் ஆகாது, வெறும் பாலிஷ்லயே நல்லா வரும். ஹெட்லைட்ல கிளியர் அடிக்கறதுக்கு முன்னாடி ஐசோப்ரொபைல் ஆல்கஹால் வச்சு துடைப்பாங்க, அதே துணியோட டெயில் லேம்ப் பக்கம் போயிடாதீங்க, அக்ரிலிக்ல ஆல்கஹால் பட்டா வெடிப்பு ஓடும்.

ஓசூர்_கார்த்தி

இதோட சேத்து ஒரு கேள்வி, தனியா போடல. பம்பர் கீழ இருக்கற கருப்பு பிளாஸ்டிக், அந்த சொரசொரப்பு டிசைன் இருக்கே, அதுல வெள்ளையா கீறல். அதையும் 2000 போட்டு தேய்ச்சு பாலிஷ் பண்ணலாமா? உள்ள கியர் பக்கத்துல இருக்கற பளபள கருப்பும் கோடு கோடா இருக்கு.

கோவை_டீட்டெய்லிங்

தம்பி, சொரசொரப்பு பிளாஸ்டிக்ல பேப்பரே வைக்காதீங்க. அது பாலிப்ரொப்பிலீன், அந்த சொரசொரப்பு மோல்டுலயே வந்தது, ஒரு தடவை வழவழப்பா தேய்ஞ்சுட்டா திரும்ப வராதுங்க, பாலிஷும் அதுல ஏறாது. வெள்ளை கோடு பாதி வேற வண்டியோட பெயின்ட்டோ செவுத்து சுண்ணாம்போ ஒட்டினதா இருக்கும், ஷாம்பு தண்ணியும் பழைய டூத்பிரஷ்ஷும் போட்டு கழுவிப் பாருங்க. அதுக்கப்புறமும் நிக்கற கோட்டுக்கு ட்ரிம் டிரெஸ்ஸிங் (கருப்பு பிளாஸ்டிக்குக்குன்னு பூசற திரவம்) போட்டா கோடு மங்கிரும்.

உள்ள இருக்கற பளபள கருப்புக்கு உப்புத்தாள் வேண்டாம், ஃபைன் பாலிஷ், மெத்து மெத்துன்னு இருக்கற ஃபோம் பேட், கையால லேசா, அவ்வளவுதான். மொதல்ல தெரியாத ஒரு மூலையில சின்னதா போட்டுப் பாத்துக்கோங்க, சில வண்டியில அது பிளாஸ்டிக் இல்லாம மேல அடிச்ச பெயின்ட்டா இருக்கும், துணியில கருப்பா ஒட்டுச்சுன்னா அதோட நிறுத்திருங்க.